பாண்டுக்கு மேதை வேண்டாம், மேஸ்திரி போதும்

2025 ஜூன் மாதக் கடைசியில் அந்த அறிவிப்பு வந்தது. அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை டெனி வில்னெவ் இயக்கப் போகிறார். அன்று ராத்திரி எங்கள் ஹாஸ்டலில் ஏறக்குறைய தீபாவளி. 'டூன்' எடுத்தவர், 'அரைவல்' எடுத்தவர், 'சிகாரியோ' எடுத்தவர், இனி பாண்டுக்கு விமோசனம்தான் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். (அவர் பெயரை வில்னெவ் என்பதா, வில்லனூவ் என்பதா என்று தனியாக ஒரு சண்டை நடந்தது. பெயரிலேயே வில்லன் இருப்பது பாதிப் பேருக்குப் போதுமானதாக இருந்தது.) நான் மட்டும் "இது தப்பான ஆள்" என்று வாயை விட்டேன். ஒரு வாரத்துக்கு மெஸ்ஸில் என் பெயர் 'ரசனை கெட்ட ஜென்மம்'.

நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது வாயால் ஜெயிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வில்னெவ் மோசமான இயக்குநர் என்று நான் சொல்லவில்லை. 'சிகாரியோ'வை நாலு தடவை பார்த்தவன் நான். என் சண்டை அவரோடு இல்லை, கேட்கப்படும் கேள்வியோடு. ஒவ்வொரு முறை பாண்ட் படத்துக்கு இயக்குநர் நாற்காலி காலியாகும்போதும், உலகத்தில் இப்போது இருப்பவர்களில் பெரிய இயக்குநர் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நோலன், டாரன்டினோ, ஃபின்ச்சர், வில்னெவ். ஏதோ நோபல் பரிசுக்கு ஆள் எடுப்பது மாதிரி. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடும் ஒரு தொடருக்குக் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இவர் எடுக்கும் படம் ஊற்றிக்கொண்டாலும் அடுத்த படத்துக்கு இடம் மிச்சம் வைப்பாரா? இதுதான் கேள்வி. இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதிலாக வருவது அபூர்வம்.

பழைய கதையிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962-ல் 'டாக்டர் நோ' வந்தபோது அதன் செலவு சுமார் பத்து லட்சம் டாலர். அந்தக் காலத்துக்கே சின்னத் தொகை. இயக்கியவர் டெரன்ஸ் யங். சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்குத் தனி அத்தியாயம் கிடையாது. ஆனால் ஷான் கானரி என்ற எடின்பரோ தொழிலாளி வீட்டுப் பிள்ளையைத் தன் தையற்காரரிடம் கூட்டிப்போய் கோட்டு தைத்துக் கொடுத்தவர், எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். அரங்குகள் போட்டவர் கென் ஆடம். வில்லன் குரலை மட்டும் கேட்கும் அந்தக் காலி அறை ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாற்காலி, கூரையில் வட்டமான ஒரு கம்பி வலை, சுவரில் விழும் அதன் நிழல். காசு இல்லாததால் பிறந்த அறை அது. இன்றைக்கும் வில்லன் வீடு என்றால் எல்லோரும் அதைத்தான் காப்பியடிக்கிறார்கள். துப்பாக்கிக் குழல் வழியாகப் பார்க்கும் தொடக்கம் மாரிஸ் பிண்டருடையது. சட் சட்டென்று வெட்டும் எடிட்டிங் பீட்டர் ஹன்டுடையது. அடுத்த படத்திலிருந்து இசை ஜான் பாரி. ஆக, பாண்ட் என்ற பொருளை ஒரு தனி மூளை செய்யவில்லை, ஒரு பட்டறை செய்தது. இயக்குநர் அந்தப் பட்டறையின் மேஸ்திரி. கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோரையும் மேய்த்து, சொன்ன தேதியில் வீட்டை முடித்துக் கொடுப்பவர்.

சொன்ன தேதி என்பது சின்ன விஷயமில்லை. 1962, 63, 64, 65. நாலு வருஷத்தில் நாலு படம். டேனியல் கிரெய்க் காலத்தில் 2006 முதல் 2021 வரை, பதினைந்து வருஷத்தில் ஐந்து படம். தொடர் என்று எதற்குப் பெயர் வைத்தார்கள், தொடர வேண்டும் என்றுதானே?

மேஸ்திரி என்றால் என்ன என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் ஜான் க்ளென். எங்கள் வகுப்பில் இந்தப் பெயரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் பாண்ட் படங்களை அதிகமாக இயக்கியவர் இவர்தான். 1981 முதல் 1989 வரை ஐந்து படங்கள், வரிசையாக. எங்கிருந்து வந்தார்? எடிட்டிங் அறையிலிருந்து. 1969-ல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தின் எடிட்டர் அவர், செகண்ட் யூனிட் இயக்குநரும் அவர். (நடிகர்கள் முகம் காட்டிப் பேசும் காட்சிகளை முதல் யூனிட் எடுக்கும். குதிப்பது, வெடிப்பது, கார் கவிழ்வது எல்லாம் பெரும்பாலும் செகண்ட் யூனிட் கணக்கு. போஸ்டரில் இவர்கள் பெயர் கடைசி வரியில்கூட வராது.) அந்தப் படத்தை இயக்கிய பீட்டர் ஹன்டும் எடிட்டராக இருந்து உயர்ந்தவர்தான். பனிச்சறுக்குத் துரத்தலும் பாப்ஸ்லெட் சண்டையும் அந்தப் படத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போகிறான், எவ்வளவு தூரத்தில் துரத்துகிறான் என்பது ஒரு நொடிகூடக் குழம்பாது.

பிறகு 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ', 1977. அதன் தொடக்கக் காட்சியைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை. கனடாவில் பாஃபின் தீவில் அஸ்கார்ட் மலை. ரிக் சில்வெஸ்டர் என்ற ஸ்டண்ட் வீரர் பனிச்சறுக்கிக்கொண்டு வந்து உச்சியிலிருந்து அப்படியே அந்தரத்தில் போகிறார். இசை நின்றுவிடுகிறது. அவர் விழுந்துகொண்டே இருக்கிறார். சறுக்குப் பலகைகள் காலிலிருந்து கழன்று தனியாக விழுகின்றன. சத்தமே இல்லை. அப்புறம் பாரசூட் விரிகிறது, அதில் பிரிட்டிஷ் கொடி, தீம் மியூசிக். அந்தக் குழுவை மலைக்குக் கூட்டிப்போய்க் காத்துக் கிடந்து எடுத்தவர் ஜான் க்ளென். படத்தின் இயக்குநர் லூயிஸ் கில்பர்ட், அவரும் நல்ல மேஸ்திரி. ஆனால் அந்தப் படம் என்றதும் உலகத்துக்கு முதலில் ஞாபகம் வருவது செகண்ட் யூனிட்காரர் எடுத்த காட்சி. எவ்வளவு நேரம் மௌனமாக விட வேண்டும், எந்த நொடியில் கொடி விரிய வேண்டும் என்பது தத்துவம் தெரிவதால் வருவதில்லை. வருஷக் கணக்கில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய கைக்குத்தான் அது தெரியும்.

1979-ல் 'மூன்ரேக்கர்'. 'ஸ்டார் வார்ஸ்' சம்பாதித்ததைப் பார்த்துவிட்டுப் பாண்டை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். லேசர் துப்பாக்கிச் சண்டை வேறு. வசூல் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அதற்கு மேல் போக இடம் இல்லை, விண்வெளிக்கு அப்புறம் எங்கே போவது? அடுத்த படத்தை க்ளெனிடம் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? எந்த விளக்கமும் சொல்லாமல் பாண்டைத் தரைக்கு இறக்கிவிட்டார். 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தில் கிரீஸ் நாட்டில் ஒரு செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் ஒரு மடாலயம், ஒரு கயிறு, கயிற்றில் ரோஜர் மூர். அவ்வளவுதான் உச்சக்கட்டம். ஏறும்போது ஒரு புறா படபடவென்று பறந்து நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கும். தன் படங்களில் எல்லாம் இப்படி ஒரு பறவையைப் பறக்க விடுவது க்ளெனின் குறும்பு. ஒரு மனிதர் தன் கையெழுத்தாக ஒரு புறாவை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார்! இன்றைய மேதைகளின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

(அவருடைய 'ஆக்டோபுஸி' உதய்ப்பூரில் எடுத்தது. நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ஆட்டோ ஓட்டிக்கொண்டு டென்னிஸ் மட்டையால் ரவுடிகளை அடிப்பார். அதில் வரும் இந்தியா கோயில் திருவிழாக் கடையில் விற்கும் இந்தியா, அதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுதலாம். இருந்தாலும் அந்த மட்டைக்காக நான் க்ளெனை மன்னித்துவிட்டேன்.)

க்ளென் தப்பே செய்யவில்லையா? செய்தார். 'எ வியூ டு எ கில்' சோர்ந்துபோன படம், மூருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, ஓடுவது அவர் இல்லை என்பது கடைசி பெஞ்சிலிருந்தே தெரியும். கை ஹாமில்டனும் 'கோல்டுஃபிங்கர்' எடுத்த அதே கையால்தான் 'தி மேன் வித் தி கோல்டன் கன்'னை எடுத்தார். ஆனால் கவனியுங்கள். மேஸ்திரி செய்த தப்பு அந்தப் படத்தோடு செத்துவிடும். இரண்டு வருஷத்தில் அடுத்த படம் வரும், அது முந்தைய படம் நடந்ததாகவே காட்டிக்கொள்ளாது. 1985-ல் சோர்ந்துபோன அதே க்ளென் 1987-ல் டிமதி டால்டனை வைத்து 'தி லிவிங் டேலைட்ஸ்' எடுத்தார், ஒரு செல்லோ பெட்டிக்குள் உட்கார்ந்து பனியில் சறுக்கி நாட்டு எல்லையைத் தாண்டும் காட்சி அதில் உண்டு. தொடர் மறுபடி மூச்சு விட்டது.

மேதை செய்யும் தப்பு அப்படிச் சாகாது. அது கதைக்குள் புகுந்து அடுத்தவர் தலையில் உட்காரும். அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு மேஸ்திரி இருக்கிறார்.

மார்ட்டின் கேம்பெல். நியூசிலாந்துக்காரர், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வேலை பார்த்து வந்தவர். இந்த மனிதர் பாண்டை இரண்டு முறை சாவிலிருந்து எழுப்பியிருக்கிறார். 1989-க்குப் பிறகு ஆறு வருஷம் படமே இல்லை. நடுவில் சோவியத் யூனியனே காணாமல் போய்விட்டது, இனி ஒற்றன் எதற்கு என்று எல்லோரும் கேட்ட நேரம். 1995-ல் 'கோல்டன்ஐ'. முதல் காட்சியில் ஒரு பிரம்மாண்ட அணையின் உச்சியிலிருந்து ஒரு மனிதன் கயிறு கட்டிக் குதிக்கிறான். இருபது வசனம் பேசிச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு குதி சொல்லிவிட்டது: ஆள் வந்துவிட்டான். பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ராணுவ டாங்கியில் சுவரை இடித்துக்கொண்டு வந்து, டையைச் சரி செய்துகொள்வான்.

அப்புறம் 2006, 'கசினோ ராயல்'. டேனியல் கிரெய்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இணையத்தில் அவ்வளவு வசவு. பொன்னிற முடி பாண்டா என்று புறக்கணிப்புப் பிரச்சாரமே நடந்தது. கேம்பெல் பதில் சொல்லவில்லை, ஒரு துரத்தல் காட்சி எடுத்தார். தப்பி ஓடுபவன் செபாஸ்டியன் ஃபூகான், சுவர் தாண்டி ஓடும் வித்தையில் மன்னன். மேலே இருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் பூனை மாதிரி நுழைந்து போய்விடுகிறான். பின்னால் வரும் பாண்ட் அந்தச் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறான். தியேட்டரே சிரித்திருக்கும். ஆனால் யோசியுங்கள், புது பாண்ட் யார் என்பது மொத்தமும் அந்த ஒரு சுவரில் இருக்கிறது. நளினம் தெரியாதவன், விடாதவன், செய்யும் வேலையில் சேதம் செய்பவன். கதாபாத்திரத்தை வசனத்தில் சொல்லாமல் ஓட்டத்தில் சொன்னார் கேம்பெல். அதற்கு முன்பும் பின்பும் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். 'தி மாஸ்க் ஆஃப் ஸாரோ' அருமை, 'க்ரீன் லான்டர்ன்' கண்ராவி. எந்தத் திரைப்பட விழாவும் இவருக்குக் கம்பளம் விரிப்பதில்லை. எனக்கு அதுவே இவரை இன்னும் பிடிக்க வைக்கிறது.

சரி, மேதைகள்.

'கசினோ ராயல்' ஜெயித்ததும் தயாரிப்பாளர்களுக்கு ஆசை வந்துவிட்டது. பெரிய பெயர்களை அழைக்கத் தொடங்கினார்கள். 2008-ல் மார்க் ஃபார்ஸ்டர், 'ஃபைண்டிங் நெவர்லேண்ட்' எடுத்தவர். 'குவான்டம் ஆஃப் சொலேஸ்' முதல் கார் துரத்தலில் எத்தனை கார் இருந்தது என்று யாராவது சொன்னால் டீ வாங்கித் தருகிறேன். எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் திரைக்கதை முடியாமலே படப்பிடிப்புக்குப் போனார்கள், அதனால் முழுப் பழியையும் அவர் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் இந்த மாதிரி நேரத்தில்தான் மேஸ்திரி வேண்டும். திரைக்கதை அரைகுறை என்றால் சண்டையாவது புரிய வேண்டாமா? நல்லவேளையாக அந்த ஓப்பரா காட்சி ஒன்று இருக்கிறது.

2012, சாம் மெண்டிஸ், 'ஸ்கைஃபால்'. இந்தப் பெயரைச் சொன்னால்தான் மெஸ்ஸில் என்னை அடிக்க வருகிறார்கள். நூறு கோடி டாலரைத் தாண்டி வசூல், ராஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு, ஷாங்காய் கட்டடத்தில் நீல வெளிச்சத்தில் நிழலாக நடக்கும் அந்தச் சண்டை, தூரத்திலிருந்து நடந்து வந்துகொண்டே எலிக் கதை சொல்லும் சில்வா. ஒப்புக்கொள்கிறேன். அழகான படம். மேதை ஒருவர் சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. என் வாதத்துக்கு அது பெரிய இடைஞ்சல், மறைக்கவில்லை.

ஆனால் விதை அங்கேதான் விழுந்தது. பாண்டின் அனாதைப் பருவம், பூர்வீக வீடு, அப்பா அம்மா கல்லறை, தாய் மாதிரியான எம். அதுவரை பாண்டுக்கு வேலை இருந்தது. இப்போது வரலாறு வந்துவிட்டது. வரலாறு வந்தால் அதை யாராவது முடித்து வைக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து அதே மெண்டிஸ் 'ஸ்பெக்டர்' எடுத்தார். மெக்சிகோ சிட்டியில் இறந்தோர் தினத்து ஊர்வலத்தில் நீளமாக ஒரே ஷாட்டில் ஓடும் தொடக்கம் பிரமாதம். (அந்த ஊரில் அப்படி ஒரு ஊர்வலமே இருந்ததில்லை. படம் வந்த பிறகு 2016-ல் ஊர்க்காரர்கள் நிஜமாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்!) அதற்குப் பிறகு ஒரு குண்டு வந்தது. உலகத்தையே ஆட்டிப் படைக்கும் வில்லன் ப்ளோஃபெல்ட் வேறு யாருமில்லை, பாண்டைச் சின்ன வயதில் வளர்த்தவரின் மகன். அப்பா அவனைவிட இவனிடம் பாசம் காட்டிவிட்டார், அதனால் முந்தைய மூன்று படத்துக் கஷ்டத்துக்கும் அவன்தான் காரணம்.

சித்தி கொடுமை சீரியலில் இதைப் பார்த்திருந்தால் சேனலை மாற்றியிருப்பீர்கள். லண்டனிலிருந்து ஆஸ்கர் வாங்கியவர் எடுத்தால் 'ஆழம்' என்கிறீர்கள்.

இந்தத் தப்பை எப்படித் துடைப்பது? 'மூன்ரேக்கர்' மாதிரி அடுத்த படத்தில் பேசாமல் விட்டுவிட முடியவில்லை. காரணம், எல்லாமே ஒரே கதை என்று மெண்டிஸ் ஆணியடித்துவிட்டார். 2021-ல் 'நோ டைம் டு டை' வந்தபோது கேரி ஃபுகுநாகா அந்த மூட்டை முழுவதையும் சுமக்க வேண்டியிருந்தது. ப்ளோஃபெல்டும் வேண்டும், மேட்லினும் வேண்டும், வெஸ்பரின் கல்லறையும் வேண்டும். 163 நிமிஷம் சுமந்துவிட்டு, கடைசியில் வேறு வழி தெரியாமல் ஏவுகணை வைத்து பாண்டையே கொன்றுவிட்டார்கள். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கோபம் வந்தது. இருபத்தைந்து படம் தாங்கிய வீட்டை ஒரு படத்தின் நல்ல முடிவுக்காக இடித்துவிட்டார்கள். தான் எடுப்பதே கடைசிப் படம் என்பது மாதிரி எடுப்பது மேதைகளின் சுபாவம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படி எடுப்பதால்தான் அவர்கள் மேதைகள். அவர்களை அழைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அழைத்தவர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்த வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். கப்பி ப்ராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் தொடங்கியது, பிறகு ப்ராக்கோலியின் மகள் பார்பராவும் வளர்ப்பு மகன் மைக்கேல் வில்சனும் நடத்தியது. யாரையும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. ஸ்பீல்பெர்க்கே கேட்டும் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். (அந்த ஏக்கத்தில்தான் லூகாஸோடு சேர்ந்து இண்டியானா ஜோன்ஸ் பிறந்தார். மூன்றாவது படத்தில் இண்டியானாவின் அப்பாவாக ஷான் கானரியையே கொண்டுவந்து தீர்த்துக்கொண்டார்.) 2018-ல் டேனி பாயில் படத்தின் பாதி வேலையில் கருத்து வேறுபாடு என்று வெளியேறினார். அவர் எடுத்த ஒரே பாண்ட் படம் 2012 ஒலிம்பிக் தொடக்க விழாவில் ராணியை ஹெலிகாப்டரில் கூட்டிக்கொண்டு வந்ததுதான். ஆறு நிமிஷம் இருக்கும், 'ஸ்பெக்டர்' முழுவதையும்விட அதில் குறும்பு அதிகம்.

2025 பிப்ரவரியில் அந்தக் குடும்பம் படைப்பு அதிகாரத்தை அமேசான் எம்ஜிஎம்மிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. அதாவது, வீட்டில் பெரியவர்கள் இருந்த காலத்திலேயே மேதைகள் சுவரை இடித்தார்கள். இனி "தம்பி, அந்தத் தூணைத் தொடாதே" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? தயாரிப்பாளராக வந்திருக்கும் டேவிட் ஹேமன் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஹாரி பாட்டர் எட்டுப் படமும் அவர் தயாரித்தது. அங்கே வரிசையைப் பாருங்கள். முதலில் கிறிஸ் கொலம்பஸ் என்ற மேஸ்திரி வந்து இரண்டு படத்தில் கோட்டையைக் கட்டினார். கட்டிய பிறகுதான் மேதை குவாரோன் வந்தார், ஒரே படம், அதுவே தொடரின் சிறந்த படம், போய்விட்டார். கடைசி நாலு படமும் தொலைக்காட்சியிலிருந்து வந்த டேவிட் யேட்ஸ். மேதையை விருந்தாளியாகக் கூப்பிடலாம், கடைக்கால் போடக் கூப்பிடக் கூடாது. இதை ஹேமனைவிட நன்றாக அறிந்தவர் யார்? அப்படியிருந்தும் வீடே இல்லாத மனையில் முதல் ஆளாக வில்னெவ்!

வில்னெவ் தன் அறிக்கையில் சொன்னது இதுதான்: அப்பாவோடு உட்கார்ந்து 'டாக்டர் நோ'விலிருந்து பார்த்து வளர்ந்தவர், தீவிர ரசிகர், பாண்ட் தனக்குப் புனிதமான இடம். நண்பர்கள் இதைப் படித்துப் புல்லரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் 'புனிதம்'தான். புனிதமான இடத்துக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். பாண்ட் படத்துக்குச் செருப்போடு போக வேண்டும், காலை முன் சீட்டில் வைக்க வேண்டும், பாப்கார்ன் சிந்த வேண்டும். ஆளைச் சுட்டுவிட்டுக் கடி ஜோக் அடிப்பவனைக் கர்ப்பக்கிரகத்தில் வைத்தால் அவனும் கெடுவான், கோயிலும் கெடும்.

இதே வில்னெவ் 2024-ல் ஒரு பேட்டியில் தனக்கு வசனமே பிடிக்காது என்று சொன்னவர். 'டூன்' எடுப்பவர் சொல்லலாம், மணல் அதிகம் பேசாது. பாண்டின் பாதி உயிர் வசனத்தில் இருக்கிறதே? அவர் படங்களில் மனிதர்கள் சிரிப்பதை எண்ணிப் பார்த்தேன். 'டூன்' இரண்டாம் பாகத்தில் ஸ்டில்கர் வரும்போது தியேட்டரில் சிரித்தார்கள், மறுக்கவில்லை. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை.

அவருக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரன் தூங்க விடமாட்டான். 'சிகாரியோ'வில் மெக்சிகோ எல்லையில் போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் மாட்டிக்கொள்ளும் காட்சி. எந்தக் கார் எங்கே நிற்கிறது, எந்த வண்டியில் துப்பாக்கி இருக்கிறது, யார் யாரைப் பார்க்கிறான், அத்தனையும் தெளிவு. ஜான் க்ளென் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். ஆக அந்த ஆளுக்குள் ஒரு மேஸ்திரி இருக்கிறார். அதே அறிக்கையில் இன்னொன்றும் சொன்னார், மரபை மதித்து, இனி வரப்போகும் பல படங்களுக்கு வழி திறந்துவிட வேண்டும் என்று. புனிதம் என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த வரியை மட்டும் அவர் அலுவலகச் சுவரில் யாராவது பெரிதாக எழுதி வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

"அப்போ நீ யாரைப் போடுவாய்?" என்று கேட்டார்கள். கேம்பெலுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, அவரை விட்டுவிடுங்கள். 'ஸ்லோ ஹார்ஸஸ்' முதல் சீசனை எடுத்த ஜேம்ஸ் ஹாஸ் மாதிரி ஒருவரைப் போடுவேன். லண்டன், ஒற்றர்கள், அழுக்கு அலுவலகம், நக்கல், சொன்ன நேரத்தில் சொன்ன வேலை. அல்லது 'கசினோ ராயல்' தொடங்கிப் பல பாண்ட் படங்களுக்குச் செகண்ட் யூனிட் பார்த்த அலெக்சாண்டர் விட். பெயரைச் சொன்னதும் "யாரு மச்சி அது?" என்றான் ஒருவன். 1981-ல் ஜான் க்ளென் பெயரைச் சொன்னபோதும் யாராவது இப்படித்தான் கேட்டிருப்பான்.

கடைசியில் சண்டை பந்தயத்தில் முடிந்தது. வில்னெவின் பாண்ட் படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மூன்று பேர் சேர்ந்து எனக்கு மட்டன் பிரியாணி வாங்கித் தர வேண்டும். குறைவாக ஓடினால் மூன்று பேருக்கும் நான். 'டூன்' இரண்டாம் பாகம் இரண்டே முக்கால் மணி நேரம் என்பது அவர்களுக்குக் கை கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. :-) தோற்றால் சந்தோஷமாகவே வாங்கித் தருவேன், லெக் பீஸோடு.